மோட்டார் கேள்வி பதில்: சாவியை எடுத்தால் கரண்டும் நிற்க வேண்டும்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கைப்பேசிக்கும் மற்ற சாமான்களுக்கும் மோட்டார் சைக்கிளிலிருந்து கரண்ட் எடுப்பது.

கே: என்னிடம் இருப்பது ஹோண்டா இஎக்ஸ்5. விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறேன். தலையில் கட்டும் விளக்கும் கைப்பேசியும் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகின்றன. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு யூஎஸ்பி சாக்கெட் வாங்கினேன். சிவப்பு, கறுப்பு என இரண்டே வயர்தான் இருக்கிறது. நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடலாமா?
(பால்மரத் தொழிலாளி, லிந்தாங்)

ப: கொடுத்தால் அன்றைக்கே வேலை செய்யும், தொல்லை பிறகுதான் தெரியும். சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். அதைவிட முக்கியம் ஃபியூஸ். கப்சாயின், அதாவது இஎக்ஸ்5 போன்ற சின்ன மோட்டாரின், பேட்டரி கையளவுதான் இருக்கிறது, அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வயரின் உறை தேய்ந்து செம்பு வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால், அந்தச் சின்னப் பேட்டரி பல பத்து ஆம்பியரை ஒரே நொடியில் தள்ளும். மெல்லிய வயர் சிவக்கப் பழுத்து உருகும். அது ஓடும் இடமோ பெட்ரோல் தொட்டிக்கும் பிளாஸ்டிக் கவருக்கும் நடுவில்.

உங்கள் சாக்கெட் எவ்வளவு இழுக்கும் என்று முதலில் பார்ப்போம். 5 வோல்ட், 2.1 ஆம்பியர் என்றால் 10.5 வாட். 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். அதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர் போகும். அதற்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம்.

வாங்க வேண்டியவை: 1 சதுர மில்லிமீட்டர் வயர், சிவப்பும் கறுப்பும் இரண்டிரண்டு மீட்டர். வேறு நிறத்தில் 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றரை மீட்டர். மூடியுள்ள ஃபியூஸ் கூடு இரண்டு, அவற்றுக்கு 3 ஆம்பியர், 1 ஆம்பியர் ஃபியூஸ்கள், கைவசம் மேலும் இரண்டு. நான்கு கால் உள்ள 12 வோல்ட் ரிலே, அதன் கூட்டோடு. பேட்டரி போல்ட்டுக்குச் சேரும் வளைய முனை இரண்டு. சூடு காட்டினால் சுருங்கும் டியூப், நெளிவுக் குழாய், பிளாஸ்டிக் கட்டுப் பட்டை. வோல்ட் பார்க்க ஒரு மீட்டரும், முனையை நசுக்கும் கிரிம்ப் குறடும் வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கிய முனை முதல் மழைக்காலத்திலேயே கழன்றுவிடும்.

ரிலே என்பது சாவி போட்டதும் தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச். அதன் கால்களில் எண் பொறித்திருக்கும். 30-ஆம் காலுக்குப் பேட்டரியின் பாசிட்டிவ், 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. 87-லிருந்து சாக்கெட்டின் சிவப்பு வயர். 85 பேட்டரி நெகட்டிவுக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயர். ஹோண்டாவில் முன் பிரேக் பிடியின் கீழே இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அங்கே வரும் இரண்டு வயரில் முழுக் கறுப்பு எதுவோ அதுவே சாவி வயர். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பிரேக் விளக்குக்குப் போவது. கறுப்பிலிருந்து ஒரு கிளை எடுத்து, எடுத்த இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, மெல்லிய வயரில் 86-க்குக் கொண்டு போங்கள். ரிலேயின் சுருள் 0.2 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், பிரேக் விளக்கு மங்காது. அந்த ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். கிளை வயரில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் மட்டும் போகும். அது இல்லையென்றால் பிரேக் விளக்கும் ஹார்னும் சேர்ந்து போய்விடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் இடித்தாலும் அப்போது பொறி பறக்காது. ஃபியூஸ் கூடு பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ரிலேயின் கால்கள் கீழே பார்க்கும்படி சீட்டுக்கு அடியில் கட்டுங்கள். சாக்கெட்டின் கறுப்பு வயரைச் சட்டத்துப் போல்ட்டில் கட்டாமல் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் கொண்டு வாருங்கள். பெயின்ட்டும் துருவும் நடுவில் இருந்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும்.

முன்பக்கம் போகும் வயரைப் பழைய வயர்க்கட்டின் கூடவே, அதே பாதையில் விடுங்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதிதான் ஆபத்தான இடம். அங்கே நான்கு விரல் அகலத்துக்கு வயரைத் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை பத்துத் தடவை திருப்புங்கள். எங்கேயாவது வயர் விறைத்தால் கட்டைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். திராட்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. ஃபியூஸைக் கடைசியில் செருகி மீட்டர் வையுங்கள். சாவி போட்டால் சாக்கெட்டுக்குப் போகும் வயரில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், எடுத்தால் சுழியம். இரண்டும் சரியாக இருந்தால்தான் கவரை மூடலாம்.

கே: நண்பர் தன் ஹோண்டாவில் கறுப்பு வயரில் இணைத்தார், நன்றாக வேலை செய்கிறது. அதே மாதிரி என் யமஹா ஒய்15-இல் செய்தேன். கறுப்பில் சாக்கெட்டின் சிவப்பு, பச்சையில் சாக்கெட்டின் கறுப்பு. சாக்கெட் எரியவே இல்லை. பிறகு ஒரு வயர் பிசகித் தொட்டதில் ஃபியூஸும் போய்விட்டது.
(வாசகர், சுங்கை சிப்புட்)

ப: ஹோண்டாவில் கறுப்பு என்பது சாவி போட்டால் உயிர் வரும் பாசிட்டிவ், பச்சை நெகட்டிவ். யமஹாவில் கறுப்புதான் நெகட்டிவ், சாவி வயர் பழுப்பு. உங்கள் வண்டியில் நீங்கள் சாக்கெட்டின் சிவப்பைக் கொண்டுபோய் நெகட்டிவில் கொடுத்திருக்கிறீர்கள். சுசுகியில் சாவி வயர் ஆரஞ்சு, நெகட்டிவ் கறுப்பில் வெள்ளைக் கோடு. பேட்டரியிலிருந்து நேரே வரும் சிவப்பு மட்டும் இந்த மூன்றுக்கும் பொது. கைமாறி வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் எந்த வயரை எதோடு முறுக்கினார் என்பது யாருக்குத் தெரியும்? நிறம் தேடுவதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே. முடிவு சொல்ல வேண்டியது மீட்டர்: கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் வயரைத் தொடுங்கள். சாவியோடு 12 வந்து சாவியோடு போனால் அதுவே உங்களுக்கு வேண்டிய வயர்.

கே: என் பழைய கப்சாயில் ஹெட்லைட் வயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு சாக்கெட் புகைந்துவிட்டது. சாக்கெட் மட்டமானதா, வண்டியில் கோளாறா?
(செம்பனைத் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

ப: இரண்டும் இல்லை, எடுத்த இடம் தவறு. கார்புரேட்டர் காலத்துக் கப்சாய் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினுக்குள் சுழலும் காந்தத்தின் பக்கத்தில் இருக்கும் சுருளிலிருந்து கரண்ட் நேராக விளக்குக்குப் போகிறது. அது ஏசி: ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை பாசிட்டிவும் நெகட்டிவும் மாறி மாறி வரும். இழை பல்புக்கு அதனால் ஒன்றும் இல்லை, எந்தப் பக்கம் ஓடினாலும் எரியும். யூஎஸ்பி சாக்கெட்டுக்குள் இருக்கும் பாகங்கள் ஒரே திசைக் கரண்டுக்காக, அதாவது டிசிக்காக, செய்தவை. தலைகீழாக வரும் ஒவ்வொரு தடவையும் அவை அடிவாங்குகின்றன.

சோதிப்பது சுலபம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவி போட்டு விளக்கு சுவிட்சைத் தட்டுங்கள். ஹெட்லைட் எரிந்தால் அது பேட்டரிக் கரண்ட். எரியாவிட்டால் சந்தேகப்படுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும், அதனால் மீட்டரிலும் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் ஓடும்போது ஏசி அளவில் வைத்தால் 12, 13 என்று நின்று, டிசி அளவில் தாறுமாறாகக் காட்டினால் அந்த வயரைத் தொடாதீர்கள். பிரேக் சுவிட்சிலிருந்து எடுங்கள்.

கே: தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து லயத்துக்குத் திரும்பினால் ஸ்டார்ட்டர் அசையவே இல்லை. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. சாக்கெட்டில் எதுவும் சொருகவில்லை.
(தோட்டத்துக் கிராணி, லிந்தாங்)

ப: வோல்ட் காட்டும் சிவப்பு எண்கள் சாக்கெட்டில் எரிகின்றனவா? அப்படியானால் காரணம் அதுவே. அந்த எண்களும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் சும்மா இருக்கும்போதே 15 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் மணி. பத்து நாளில் 3.6. உங்கள் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 3.5 என்றால் மிச்சம் என்ன இருக்கும்?

எவ்வளவு இழுக்கிறது என்று நீங்களே அளக்கலாம். சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் அளவு, பிறகு மில்லி ஆம்பியர். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இருந்தால் கவலை இல்லை. பத்தைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. திருட்டு அலாரம் பூட்டியிருந்தால் அதுவும் பங்கு கேட்கும். மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட்டரைத் தட்டாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

முதல் பதிலில் சொன்ன ரிலேயைப் போட்டால் இந்தத் தொல்லை தீரும். பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் செய்து ஒரு இரவு விட்டு வோல்ட் பாருங்கள். 12.7 நின்றால் பிழைத்துக்கொண்டது. 12.2 என்றால் பாதிதான் பிடிக்கிறது. காலியாகவே கிடந்த பேட்டரியின் தகடுகள் கெட்டித்துப் போயிருக்கும், அதை நம்பி வெளியூர் போக வேண்டாம்.

கே: உணவு விநியோகம் செய்கிறேன், சில நாள் ஈப்போ வரை போகிறேன். வழி காட்டும் கைப்பேசி ஒன்று, ஆர்டர் பார்க்க ஒன்று, முன்னால் 20 வாட் எல்இடி விளக்கு இரண்டு. என் வண்டி தாங்குமா?
(விநியோக ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

ப: விளக்கு இரண்டும் 3 ஆம்பியர், கைப்பேசி இரண்டும் 2 ஆம்பியர், மொத்தம் 5. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள் பகலிலும் ஹெட்லைட் எரியத்தான் ஓட வேண்டும், ஆகவே அந்தச் சுமை எப்போதும் உண்டு. மிஞ்சுவதுதான் உங்களுக்கு.

பெரிய சாலையில் வேகமாகப் போகும்போது தாங்கலாம். பட்டணத்துக்குள் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், கடை வாசலில் எஞ்சின் ஓடக் காத்திருக்கும்போதும் எஞ்சினுக்குள் இருக்கும் சுருள் தருவது குறைவு, பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து வோல்ட்டை மூன்று தடவை அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, எஞ்சின் நடுத்தர வேகத்தில்: 13.8 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டு, அதே வேகத்தில்: 13.2-க்குக் கீழே போனால் சுமை அதிகம். எல்லாவற்றையும் போட்டு, ஐடிலில் (திராட்டிலை முறுக்காமல்) ஐந்து நிமிடம்: 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்த வேலைக்கு உங்கள் வண்டி போதாது.

முதல் அளவிலேயே 13.5-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ சுருளையோ பாருங்கள், சாக்கெட் வேலையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். பழைய கப்சாயில் மோட்டார் கடைக்காரர்கள் ‘ஃபுல்வேவ்’ செய்து தருவார்கள்: சுருளின் சட்டத்தோடு சேர்ந்த முனையைப் பிரித்து, இரண்டு முனையையும் புதிய ரெகுலேட்டருக்குக் கொடுத்து, விளக்குகளையும் பேட்டரிப் பக்கம் மாற்றுவது. அலையின் இரு பாதியும் பேட்டரிக்கு வரும், சார்ஜ் நன்றாக ஏறும். ஆனால் சுருள் முனையைப் பற்ற வைப்பது எண்ணெய் நனையும் இடத்தில். அனுபவமுள்ள கையில் கொடுங்கள். அதுவரை நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு விளக்கையும் அணைத்து வையுங்கள், அவற்றுக்குத் தனி சுவிட்சும் தனி ஃபியூஸும் இருக்கட்டும்.

கே: 3 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 போட்டுக் கொடுத்தார்கள். இப்போது போவதில்லை. அப்படியே விடலாமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

ப: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் காப்பது வயரை. 1 ஆம்பியர் இழுக்கும் சாக்கெட்டுக்கு 3 போகிறதென்றால் எங்கோ செம்பு சட்டத்தைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. முன் கவரைக் கழற்றி ஹேண்டில் கழுத்தில் வயரை விரலால் உருட்டிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் புழுதி படிந்து மங்கலாக இருக்க, ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், அங்கே உறையில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது வயர் இணைத்து, நெளிவுக் குழாய்க்குள் விடுங்கள். டேப் சுற்றினால் நம் வெயிலுக்குப் பசை இளகி ஒரு மாதத்தில் அவிழ்ந்துவிடும்.

கே: உரம் போடும் வேலை. மூட்டையை மோட்டாரில்தான் ஏற்றிப் போவேன். சாக்கெட் வயரின் இணைப்பில் பச்சைப் பொடி கட்டுகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.
(உரத் தொழிலாளி, லிந்தாங்)

ப: செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு வகை உப்புதான். அம்மோனியம் சல்பேட்டும் செம்பைத் தின்னும். தூள் இணைப்பில் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, மேலே கரண்டும் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். பச்சையை மட்டும் துடைத்துப் பயன் இல்லை. உறையை இரண்டு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு இழைகள் உள்ளேயும் கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

உங்கள் வயரில் நீல நிறக் கடிப்பு இணைப்பு இருக்கிறதா? வயரை வெட்டாமல் மேலே வைத்து அழுத்திக் கிளை எடுக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக். தோட்டத்து வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம். அதன் தகடு உறையைக் கிழித்து, சில இழைகளையும் அறுத்து, ஈரத்துக்கு வாசல் திறந்து வைக்கிறது. கிரிம்ப் செய்த இணைப்பின் மேல் உள்ளே பசை பூசிய சுருங்கும் டியூபைப் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும் வரை சூடு காட்டுங்கள். ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் பலம் என்று சொல்வார்கள். ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போகும், அது முடியும் விளிம்பில் அதிர்வுக்கு வயர் ஒடியும். எடுத்துப் போடும் இணைப்புகளில் மின் இணைப்புக்கான சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ஈரம் உள்ளே ஓடாதபடி, சாக்கெட்டுக்கு வயர் ஏறும் முன் கீழே ஒரு சின்ன வளைவு விட்டுக் கட்டுங்கள். நீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். உர மூட்டை ஏற்றிய அன்றைக்குப் பச்சைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், அழுத்தக் குழாயை மட்டும் சாக்கெட் பக்கம் காட்டாதீர்கள்.

கே: டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப்பை இதே சாக்கெட் வயரில் போடலாமா?
(வாசகர், லிந்தாங்)

ப: கூடாது. அது 8, 10 ஆம்பியர்கூட இழுக்கும்; 3 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போகும். பேட்டரி முனையிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டு, மூடியுள்ள ஒரு பிளக்கை சீட்டுக்கு அடியில் விட்டு வையுங்கள். எஞ்சின் ஓடும்போதே அடியுங்கள்.

கே: கைப்பேசியை ஹேண்டிலில் மாட்டிச் சார்ஜ் போட்டால் கேமரா கெடும் என்கிறார்கள். மழையில் நனைந்தபின் சார்ஜும் ஏறுவதில்லை.
(கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்)

ப: கேமரா விஷயம் உண்மை. பெரிய மோட்டார் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைநிறுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. சின்ன எஞ்சின் வண்டிகளில் அதிர்வு குறைவு, ஆனாலும் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மாட்டியைத்தான் பயன்படுத்தச் சொன்னது. வழி தெரிந்த பாதையில் கைப்பேசி பையில் இருக்கட்டும், வயர் மட்டும் பைக்குள் வரட்டும்.

நனைந்த கைப்பேசியில் சார்ஜ் வயரைச் சொருகாதீர்கள். துளைக்குள் நீரும் கரண்டும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு கரைந்து, கால்கள் கறுத்துவிடும். துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி, காற்றாட வைத்து, முழுக்கக் காய்ந்தபின் போடுங்கள். உங்கள் வயர் முனையையும் பாருங்கள். நடுக் கால்களில் ஒன்று கறுத்திருந்தால் அந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பெரும்பாலும் கைப்பேசியில் பழுது இருக்காது.